நடுவில் விட்ட இடம்

என் பாட்டி தேவாலயத்தில் எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். வாசலை ஒட்டிய பெஞ்ச். மின்விசிறிக் காற்று அங்கே எட்டாது. சின்ன வயதில் நான் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். மூட்டுவலி, எழுந்து போக வசதி, அவ்வளவுதான். ஒருமுறை கேட்டும் பார்த்தேன்.

"முன்னால போய் உக்காரலாம்ல பாட்டி?"

"இங்கயே நல்லா காத்து வருதுய்யா."

பொய்தான். ஆனால் ஆறு வயதுப் பையனுக்குப் பாட்டி சொன்னால் காற்று வரும்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன், இருட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டே கீர்த்தனை பாடுவாராம். அம்மா சொல்லியிருக்கிறார். தோட்டத்தை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பல் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்பார். லுத்தரன் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ்ச் சொல் பொருத்தியவை ஞானப்பாட்டு. தமிழ் ராகத்தில், தமிழ்த் தாளத்தில் பிறந்தவை கீர்த்தனை. ஞானப்பாட்டு வந்தால் பாட்டி மரியாதையாக வாயசைப்பார். கீர்த்தனை வந்தால் அந்தக் கடைசி பெஞ்ச் தனியாகக் கேட்கும். "சாஸ்திரியார் பாட்டு" என்பார். சாஸ்திரியார் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு இருபத்து நான்கு வயதில், சித்தி மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். வேறு ஊர், வேறு சபை. பெயர் வேண்டாம். அவர்கள் வீட்டில் நல்ல விசுவாசம். உட்கார்ந்ததும் ஜெபம், பிறகு பசியாறல், மறுபடியும் ஜெபம். பெண்ணின் பெரியப்பா கண்ணீர் விட்டு ஜெபித்தார். நடிப்பில்லை. இன்றைக்கும் அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு ஊருல எந்தப் பக்கம்? அங்க எந்தத் தெரு?"

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அந்தத் தெருவை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் தெருவின் பெயர் பாட்டிக்குத் தெரியும். சொன்னார். "அப்புறமா போன் பண்றோம்" என்றார்கள். போன் வரவில்லை.

அந்தக் கண்ணீரும் அந்தக் கேள்வியும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்க முடிந்தது? கோபத்தை விட இந்தச் சந்தேகம்தான் என்னைப் படிக்க வைத்தது. படிக்கப் படிக்க, இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வரும் முன்பே முந்நூறு வருடம் நடந்திருப்பது தெரிந்தது.

*

தமிழ் லுத்தரன் சபையின் வேரைத் தேடினால் முதலில் போய் நிற்பது தரங்கம்பாடியில் அல்ல, ஜெர்மனியில். 1687இல் லூனபர்க் என்ற ஊரில் ஒரு மாணவரைப் பிரசங்கம் செய்யக் கேட்டுக்கொண்டார்கள். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, வயது இருபத்து நான்கு. (பெண் பார்க்கப் போன என் வயதுதான்.) யோவான் சுவிசேஷத்தின் ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டார். உயிருள்ள விசுவாசம் எது, இருப்பதாக நினைத்துக்கொள்ளும் விசுவாசம் எது என்று மக்களுக்கு விளக்க வேண்டும் என்பது அவர் திட்டம். தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது, முதல் வகை விசுவாசம் தன்னிடமே இல்லை என்று. எபிரேயம் தெரியும், கிரேக்கம் தெரியும், இறையியல் தெரியும். கடவுள் இருக்கிறார் என்பதுகூட உறுதியாகத் தெரியவில்லை. பிரசங்கத்தை ரத்து செய்துவிடலாமா என்று யோசித்தார். ஓர் இரவு முழங்காலில் நின்று, இருக்கிறாரா என்றே தெரியாத ஒருவரிடம் மன்றாடினார். எழுந்தபோது சந்தேகம் போயிருந்தது என்று பிறகு எழுதினார். பிரசங்கமும் செய்தார்.

இது ஃபிராங்கேயின் தனி அனுபவம் மட்டுமல்ல. ஃபிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற போதகர் 1670லேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் தம் வீட்டில் சிறு கூட்டங்கள் நடத்தத் தொடங்கியிருந்தார். ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதாது, பைபிளைச் சேர்ந்து படிக்க வேண்டும், படித்ததை வாழ்ந்து பார்க்க வேண்டும் என்றார். 1675இல் அவர் எழுதிய 'பியா டெசிடெரியா' என்ற சிறு நூல் அந்தக் கூட்டங்களுக்கு ஒரு இயக்கத்தின் உருவத்தைக் கொடுத்தது. கிறிஸ்தவம் தெரிந்துகொள்வதில் இல்லை, செய்வதில் இருக்கிறது என்பது அந்த நூலின் நடுநாடி. இந்த இயக்கத்தைப் பையட்டிசம் என்கிறார்கள். 'இருதயத்தின் மதம்' என்று நான் வைத்துக்கொண்டேன்.

ஹாலே நகரில் ஃபிராங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், அநாதை இல்லம் கட்டினார். 1727இல் அவர் இறந்தபோது அந்தப் பள்ளிகளில் 2000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மனம் மாறினால் கை சும்மா இருக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனாலும் ஒரு சின்ன விவரம் என்னை நிறுத்தியது. ஸ்பேனரின் வீட்டுக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆண் என்றால். பெண்கள் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குப் பேச அனுமதியில்லை. இருதயத்தின் மதத்திலும் முதல் நாளிலிருந்தே உட்காரும் இடம் என்று ஒன்று இருந்திருக்கிறது.

*

ஹாலேயில் படித்த பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் அனுப்புதலில், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். கூட வந்தவர் ஹென்ரிக் புளூட்சாவ். சீகன்பால்குக்கு அடுத்த நாள் இருபத்து நான்கு வயது முடிகிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிய கதை நம்மில் பலருக்குத் தெரியும். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் 1708லேயே ஜெர்மனில் பெயர்த்தவர் அவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. தமிழர் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி அனுப்பிய பெரிய நூலை ஹாலேயில் அச்சிடவே இல்லை. 1867இல்தான் அது அச்சேறியது. ஃபிராங்கேயின் இருதயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை போலும்.

சீகன்பால்கு முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது 1707 மே 12 அன்று. ஐந்து பேர். ஐந்து பேரும் தரங்கம்பாடியில் இருந்த ஐரோப்பியர்களின் அடிமைகள். தமிழ் மண்ணில் புரோட்டஸ்டண்ட் சபை என்று ஒன்று தொடங்கியது இவர்களிடமிருந்துதான். அதே வருடம் ஆகஸ்டில் அவர்களுக்கென்று ஒரு சிறிய ஆலயமும் எழுந்தது. பெயர் புதிய எருசலேம். இன்று தரங்கம்பாடியில் நாம் பார்ப்பது அதற்குப் பின் 1718இல் கட்டி முடித்த பெரிய ஆலயம். 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்த சீகன்பால்குவை அடக்கம் செய்ததும் அதில்தான்.

தளபதி ஹாசியஸோடு வந்த மோதலில் அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார்கள். ஓர் ஏழை விதவையின் பக்கம் நின்றதும் அந்த மோதலுக்கு ஒரு காரணம். வெளியே வந்த பிறகு அவர் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கடிதங்கள்தான். தமிழர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார்கள். ஹாலேயின் அறிக்கைகளில் அவை அச்சாகின. அவற்றில் நம்மாட்கள் வெளுத்து வாங்குகிறார்கள். உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், ஆனால் உங்கள் ஜனங்கள் குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை, மற்றவர்களைக் கேவலமாக நடத்துகிறார்கள், இப்படி. கிறிஸ்தவம் வாழ்வில் தெரிய வேண்டும் என்று ஸ்பேனர் சொன்னதைத்தான், அவர் பெயரையே கேட்டிராத தமிழர்கள் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் புதிய எருசலேமுக்குள் எப்படி உட்கார்ந்தார்கள்? வெள்ளாளரும் பிற சாதிக் கிறிஸ்தவர்களும் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். இராப்போஜனத்தில் ஒரே கிண்ணம்தான், ஆனால் யார் முதலில் என்பதற்கு வரிசை இருந்தது. மிஷனரிகள் இதை விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. இது சமூக வழக்கம், மதம் அல்ல, மனம் மாறினால் மெல்ல மெல்லத் தானாகப் போய்விடும் என்று நம்பினார்கள். பிற்காலத்தில் தஞ்சையில் இருந்த சுவார்ட்ஸ் ஐயரும் ஏறக்குறைய இதையேதான் நம்பினார்.

*

இங்கே ராஜநாயக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வரலாற்றில் நான் அதிகம் யோசித்த மனிதர் இவர்.

ராஜநாயக்கன் பறையர். தஞ்சை அரசரின் படையில் வீரர். கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சடித்த ஒரு புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்தது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்த புத்தகம், 1714இல் வந்தது. எந்த மிஷனரியும் அவரைத் தேடிப் போகவில்லை, ஐரோப்பியர் தஞ்சைச் சீமைக்குள் நினைத்தபடி நுழையவும் முடியாத காலம் அது. முகாமில் உட்கார்ந்து ஒரு சிப்பாய் தானே படித்தார். படித்ததைக் கூட இருந்தவர்களுக்குச் சொன்னார். பிறகு தரங்கம்பாடிக்கு வந்து மிஷனரிகளைப் பார்த்தார். 1727க்குப் பிறகு படையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். தஞ்சைச் சீமையின் கிராமங்களில் அவர் வழியாகச் சபை வளர்ந்தது.

ஹாலேயின் அளவுகோலை எடுத்து யாரை வேண்டுமானாலும் அளந்து பாருங்கள். தானே வேதத்தைப் படிக்க வேண்டும், மனம் திரும்ப வேண்டும், அது வாழ்வில் தெரிய வேண்டும், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து படிக்க வேண்டும். ஸ்பேனர் 1675இல் எழுதியதை ஒரு மனிதராகச் செய்து வைத்தால் அது ராஜநாயக்கன்தான்.

1733இல் முதல் தமிழ்ப் போதகரை அபிஷேகம் செய்யலாம் என்று முடிவானது. தேர்வானவர் ஆரோன். கடலூர்க்காரர், சைவ வெள்ளாளக் குடும்பம், இயற்பெயர் ஆறுமுகம். டிசம்பர் 28 அன்று அபிஷேகம் நடந்தது. ஆரோன் நல்ல மனிதர், 1745இல் இறக்கும்வரை கிராமம் கிராமமாக நடந்து உழைத்தவர். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ராஜநாயக்கனின் பக்தியிலும் உழைப்பிலும்கூட மிஷனரிகள் குறை சொல்லவில்லை. தடையாக இருந்தது ஒன்றுதான். அவர் கையிலிருந்து அப்பத்தையும் கிண்ணத்தையும் வாங்க வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள். 1741இல் இரண்டாவது போதகரை அபிஷேகம் செய்தார்கள். அப்போதும் அவர் இல்லை, தியோகு என்பவர்.

ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார். 1771இல் உபதேசியாராகவே இறந்தார். ஏறக்குறைய நாற்பது வருடங்கள். சபையில் மற்றவர்கள் முடிவு செய்த இடத்திலேயே உட்கார்ந்து, மற்றவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

தேர்ந்தெடுத்த மிஷனரிகள் கொடியவர்கள் அல்ல, அதுதான் என்னைப் படுத்துகிறது. ஒவ்வொருவரும் லூனபர்க் இரவைப் போல ஓர் இரவைத் தாண்டி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். தன் இருதயத்தைத் தோண்டித் தோண்டிப் பார்க்கப் பழகியவர்கள். தன் உள்ளே பார்க்கும் அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் விட்டிருந்த இடம் பட்டிருக்க வேண்டும். பட்டது. எழுதியும் வைத்தார்கள். பிறகு அப்படியே விட்டார்கள். சபை உடைந்துவிடும் என்ற பயம். நாற்பது வருடம் ஒருவர் பொறுத்துக்கொண்டால் சபை உடையாது.

*

பாட்டியின் சாஸ்திரியாரைக் கண்டுபிடித்தது இதற்குப் பிறகு. வேதநாயக சாஸ்திரியார், 1774 முதல் 1864 வரை. நம்மில் பலர் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு குழப்பிக்கொள்வார்கள். அவர் வேறு, அடுத்த தலைமுறைக்காரர், கத்தோலிக்கர். சாஸ்திரியார் திருநெல்வேலியில் வெள்ளாளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுவாக்கில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துப்போனார். அதே ஐயரின் நிழலில் வளர்ந்த இன்னொரு பையன் சரபோஜி, பிறகு தஞ்சையின் அரசரானவர்.

1800 வாக்கில் சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சியின் அமைப்பு நமக்குத் தெரிந்ததுதான். உலா வரும் தலைவனைப் பார்த்துக் காதல்கொள்ளும் உயர்குலத் தலைவி, அவள் கையைப் பிடித்துக் குறி சொல்லும் மலைக்குறத்தி, குறத்தியைத் தேடிவரும் சிங்கன். சாஸ்திரியார் இதில் தலைவனைப் பெத்லகேம் நாதராக்கினார். தலைவி தேவமோகினி. அவள் தனி ஒருத்தி அல்ல, அவள்தான் சபை. ஏங்குவதும், தூதுவிடுவதும், உருகுவதும் ஒரு கூட்டத்தின் நெஞ்சு. ஹாலேக்காரர்கள் தனித்தனி நெஞ்சாகப் பார்த்த விஷயத்தைச் சாஸ்திரியார் ஒரே பெண்ணாக்கி, தமிழ் அகமரபுக்குள் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த மதம் தமிழாக மாறிய இடம் எனக்கு இதுதான்.

குறி சொல்ல வரும் குறத்தி யார் தெரியுமா? விசுவாசம். சாஸ்திரியார் விசுவாசத்தைக் குறத்தியாகத்தான் கற்பனை செய்தார். காட்டிலிருந்து, ஊருக்கு வெளியிலிருந்து, சாதிக் கணக்கில் எங்கோ கீழே வைத்த ஒரு பெண்ணாக. குறவஞ்சியில் தலைவியின் கையைத் தொடாமல் குறி சொல்ல முடியாது.

இதை எழுதிய அதே மனிதர்தான் சபையில் விட்டிருந்த அந்த இடத்துக்காகப் பிறகு சண்டை போட்டார்.

1820களில் தஞ்சைக்குப் புதிய மிஷனரிகள் வந்தார்கள். பழைய ஹாலே ஆட்களின் பொறுமை இவர்களிடம் இல்லை. சாதி இடைவெளி கூடாது, சேர்ந்து உட்கார், சேர்ந்து சாப்பிடு என்றார்கள். கூடவே ஃபெப்ரீஷியஸ் ஐயர் செய்த பழைய தமிழ் வேதாகமத்தை விட்டுப் புதிய மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் பூ வேண்டாம் என்றார்கள். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனை வேண்டாம் என்றார்கள். சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்த தஞ்சைச் சபையாரும் 1829இல் இவற்றை நான்கு கொடுமைகளாக எண்ணி எழுதி வைத்தார்கள். வேதம், சாதி, பூ, பாட்டு.

இந்த நான்கையும் ஒரே மூச்சில் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை எப்படிச் சொல்வது? மூன்றில் நான் சாஸ்திரியார் பக்கம். பாட்டைப் பிடுங்கினால் என் பாட்டியிடம் என்ன மிச்சம் இருக்கும்? பூவை வேண்டாம் என்பவனுக்கு நம் சாவும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. ஆனால் அதே மூச்சில், அதே பட்டியலில், அந்த நான்காவதும் இருக்கிறது. சாஸ்திரியாருக்கு அவை நான்கல்ல, ஒன்று. எல்லாமே தமிழ் வாழ்க்கை, எல்லாவற்றிலும் வெள்ளைக்காரன் கை வைக்கிறான். ஒரே கூரை, ஒரே உபதேசம், ஒரே கிண்ணம் இருக்கிறதே, உட்காரும் இடம் தனியாக இருந்தால் என்ன என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் யாரும் இதைக் கேட்டதாக நான் படித்தவற்றில் இல்லை. சாஸ்திரியாரும் கேட்கவில்லை, புதிய மிஷனரிகளும் கேட்கவில்லை. ஒருவர் அவர்களைத் தள்ளி உட்கார வைத்தார். இன்னொருவர் தன் கட்டளைக்கு உதாரணமாக நடுவில் உட்கார வைத்தார்.

மிஷனோடு சாஸ்திரியாருக்கு முறிந்தது. சரபோஜி அவரைத் தம் அவைக்கு எடுத்துக்கொண்டார். கிறிஸ்தவக் கவிஞருக்குச் சபை கொடுக்காத இடத்தை இந்து அரசர் கொடுத்தார், அதே 1829இல்.

*

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1826 ஈஸ்டரைத் தஞ்சையில் கொண்டாடிய ஹீபர் பிஷப், சாதி விஷயத்தை விசாரிக்க ஏற்பாடு செய்துவிட்டு, சில நாளில் திருச்சியில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த டேனியல் வில்சன் பிஷப் 1833 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி உடனே போக வேண்டும், பேச்சுக்கே இடமில்லை. வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஏராளமானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். 1840இல் ஜெர்மனியிலிருந்து இன்னொரு லுத்தரன் மிஷன் வந்தது, பிறகு லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்றது. சாதியைக் கட்டாயத்தால் ஒழிக்க முடியாது என்பது அவர்கள் கொள்கை. வெளியேறியவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கொள்கைக்காக அதிகம் வாதாடியவர் அதன் இயக்குநர் கார்ல் கிரவுல். திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் பெயர்த்த அதே கிரவுல்தான். பிறப்பால் எல்லோரும் சமம் என்று சொல்லும் குறளை அவர் ஜெர்மனில் எப்படி எழுதினார் என்று ஒருநாள் பார்க்க வேண்டும்.

அந்த லுத்தரன் சபையின் பிள்ளைகள்தான் ரயில்வே வேலைக்கும் தோட்டத்துக்கும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் அவர்களுக்குச் சபை அமைந்தது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சீயோன் லுத்தரன் ஆலயம் 1924இல் எழுந்தது. அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் ஞானப்பாட்டுப் புத்தகமும் கீர்த்தனையும் இருந்தன. கூடவே தெருவின் பெயரும் வந்தது.

என் பாட்டியின் முன்னோர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். அவர் வாழ்நாள் முழுக்க அடுப்படியில் பாடியது, தன் முன்னோர் பக்கத்தில் வந்து உட்காரக் கூடாது என்று வாதாடிய ஒரு மனிதரின் பாட்டை.

இதைப் பாட்டியிடம் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். எண்பத்தாறு வயதில் ஒருவரிடமிருந்து பாட்டைப் பிடுங்க நான் யார்? கடைசியில் ஒரு மத்தியானம், அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, முதலில் ராஜநாயக்கன் கதையைச் சொன்னேன். சிப்பாய், புத்தகம், நாற்பது வருடம். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கடைசிவரைக்கும் அவரு சபையிலதான் இருந்தாரா?"

"ஆமா பாட்டி. சாகற வரைக்கும்."

"ம்."

பிறகு சாஸ்திரியாரைச் சொன்னேன். குறத்தியைச் சொன்னேன், நான்கு கொடுமையைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தண்டை ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்யா."

"எப்படி?"

"பாட்டு தெரியாது, அவரு தெரியாது. தோட்டத்துல கோயிலுக்கு ஐயர் மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. கிராணி வூட்டு ஆளுங்க பாய் கொண்டாந்து போட்டுக்குவாங்க. நாங்க சிமெண்டுல. எங்க அம்மா சொல்லும், ஓரமா உக்காரு, அவுங்க பாய மிதிச்சிறாதன்னு. அப்பவும் இதே பாட்டுதான் ரெண்டு பக்கமும் பாடுவோம். நாங்கதான் சத்தமா பாடுவோம்." கொஞ்சம் சிரித்தார். "அந்தப் பாட்டு அவுங்களுதுன்னு யாரு சொன்னா?"

"அப்ப இங்க ஏன் கடைசியில உக்கார்றீங்க? இங்க யாரும் பாய் போடலையே?"

"பழக்கம்யா."

அடுத்த ஞாயிறு நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வரவேற்பில் நின்ற தம்பி ஓடிவந்து, "அண்ணே, முன்னால நிறைய இடம் இருக்கு" என்றான். இருக்கட்டும் என்றேன். இரண்டாவது பாட்டு கீர்த்தனை. பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். மின்விசிறிக் காற்று எட்டவே இல்லை. எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.